எட்டாம் தரத்தின் பின் என்ன? மேடைப் பியானோக் கலைஞராக விரும்பும் பிள்ளைக்கான வழி

கொக்குவில் தந்தை:

வணக்கம். என் மகளுக்கு இப்போது 15 வயது. அடுத்த ஆண்டு க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருக்கிறாள். சின்ன வகுப்புகளில் இருந்தே பியானோ படித்து வருகிறாள், இவ்வாண்டு இலண்டனின் ஏ.பி.ஆர்.எஸ்.எம். சபை நடத்தும் பியானோப் பரீட்சையின் ஏழாம் தரத்தில் அதிவிசேட சித்தி பெற்றாள். வாய்ப்பாட்டிலும் வட இலங்கை சங்கீத சபையின் பரீட்சைகள் சிலவற்றை முடித்திருக்கிறாள். இவற்றையெல்லாம் படிப்போடு சேர்ந்த நல்ல பழக்கங்களாகவே நாங்கள் இதுவரை கருதி வந்தோம். அண்மையில் அவள் எங்களை இருத்தி வைத்து, உயர்தரத்தில் உயிரியல் பிரிவுக்குப் போகத் தனக்கு விருப்பமில்லை என்றும், பியானோவையே தொழிலாகக் கொள்ளப் போவதாகவும், அதுவும் கற்பிப்பவராக மட்டுமன்றி மேடையில் வாசிக்கும் கலைஞராகவே வர விரும்புவதாகவும் தெளிவாகச் சொன்னாள்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பிள்ளை வாய்ப்பாட்டிலோ மிருதங்கத்திலோ பட்டம் பெற விரும்பினால், மருதனார்மடத்திலுள்ள நுண்கலைக் கல்விக் கூடத்துக்குப் போகும் வழியை எவரும் காட்டிவிடுவார்கள். பியானோவுக்கு அப்படி வழிகாட்ட எங்கள் உறவில் ஒருவரும் இல்லை. இறுதித் தரமான எட்டாம் தரம், அதன் பின் டிப்ளோமா என்று வரிசையாக முடித்தால் மேடைக் கலைஞராகிவிடலாமா? வெளிநாட்டு இசைக் கல்லூரிக்கு எந்த வயதில், எந்தத் தகுதியோடு விண்ணப்பிக்க வேண்டும்? நாளொன்றுக்கு எவ்வளவு நேரப் பயிற்சி தேவை? எல்லாவற்றுக்கும் மேலாக, இந்தத் தொழிலில் ஒருவர் எப்படிச் சீவிக்கிறார்?

எங்கள் வீட்டில் இருப்பது என் பாட்டனார் வாங்கிய, நிமிர்ந்து நிற்கும் அப்ரைட் வகைப் பழைய பியானோ. 1995 போர்க்கால இடப்பெயர்வின்போது விட்டுச் சென்று, திரும்பி வந்தபோது மேல்மூடி இல்லாமல் கிடந்தது; பின்னர் திருத்தி எடுத்தோம். அதில்தான் மகள் இன்றும் வாசிக்கிறாள். அது போதுமா என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

சுண்டுக்குளி ஆசிரியை:

ஐயா, நான் யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பியானோ கற்பித்து ஓய்வு பெற்றவள். உங்கள் முதற் கேள்விக்கே விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதில்தான் தங்கியிருக்கின்றன. தரப் பரீட்சைகளையும் மேடைக் கலைஞருக்குரிய பயிற்சியையும் ஒரே ஏணியின் கீழ்ப்படி, மேற்படி என்று எண்ண வேண்டாம்.

ஏ.பி.ஆர்.எஸ்.எம். 1889 ஆம் ஆண்டில் இலண்டனின் இரண்டு அரச இசைக் கல்லூரிகள் சேர்ந்து தொடங்கிய பரீட்சைச் சபை. பரீட்சகரின் முன் வாசிக்கும் அதன் பரீட்சையில் மொத்தம் 150 புள்ளிகள். மூன்று உருப்படிகளுக்கு 90, ஸ்கேல் எனப்படும் சுரவரிசைகளுக்கு 21, பார்த்தவுடன் வாசித்தலுக்கு 21, செவிப்பயிற்சிக்கு 18. நூறு எடுத்தால் சித்தி, 130 எடுத்தால் அதிவிசேட சித்தி. ஊர் ஊராக ஒரே அளவுகோலைக் கொண்டுவந்த நல்ல ஏற்பாடு அது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. நாம் அதைக் கையாளும் விதத்தில்தான் பிழை இருக்கிறது. மூன்று உருப்படிகளைத் தெரிவு செய்து, ஆண்டு முழுவதும் அவற்றையே வாசித்து, பரீட்சை முடிந்த மறுநாள் அடுத்த தரத்தின் புத்தகத்தைத் திறக்கிறோம். இப்படியே எட்டாம் தரம் வரை போன பிள்ளையின் கையில் மொத்தம் 24 உருப்படிகள் இருக்கும். அவற்றிலும் பழையவற்றை வாசிக்கச் சொன்னால் வாசிக்க வராது. ஐரோப்பாவின் சிறப்பு இசைப் பாடசாலைகளில் இதே வயதுப் பிள்ளை அவ்வளவையும் ஓரிரு ஆண்டுகளில் கடந்துவிடும்.

இசைக் கல்லூரியின் தெரிவுக்குழு கேட்பது வேறு. பாஹ் எழுதிய 48 பிரெலூட், பியூக் இணைகளில் ஒன்று; பிரெலூட் என்பது முன்னிசை, பியூக் என்பது பல குரல்கள் ஒன்றையொன்று தொடர்ந்து வரும் உருப்படி. ஹைடன், மொசார்ட், பீத்தோவன் ஆகியோரில் ஒருவரின் சொனாட்டா எனப்படும் பல பகுதி உருப்படி, அதுவும் ஒரு பகுதியை மட்டுமன்றி முழுவதும். ஷோப்பானின் எட்யூட் எனப்படும் பயிற்சி உருப்படி ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரிய உருப்படி ஒன்று. இருபதாம் நூற்றாண்டிலிருந்து ஒன்று. எல்லாக் கல்லூரிகளும் இவ்வளவையும் கேட்பதில்லை என்றாலும், இவற்றைத் தாளில்லாமல் பாடமாக்கி வாசிக்கும் பிள்ளைதான் எங்கும் துணிந்து போய் நிற்க முடியும். ஆகவே உங்கள் மகள் எட்டாம் தரப் பரீட்சைக்குத் தோற்றட்டும். ஆனால் பரீட்சைக்குரிய மூன்றுக்கும் வெளியே ஆண்டுக்குப் பன்னிரண்டு, பதினைந்து உருப்படிகளாவது அவள் கையில் ஏற வேண்டும். அவற்றுள் சில கடினமானவையாகவும், பல இலகுவானவையாகவும், இரண்டு கிழமையில் படித்து முடிக்கக் கூடியனவாகவும் இருக்கலாம். புதிய இசைத்தாளைக் கண்டு அஞ்சாத பழக்கம் அப்படித்தான் வரும்.

பாடமாக்கும் முறையையும் இப்போதே மாற்ற வேண்டும். கை தானாக ஓடும்வரை திரும்பத் திரும்ப வாசிப்பது பாடமாகாது. மேடையில் ஓரிடத்தில் விரல் தடுமாறினால் பிள்ளை தொடக்கத்துக்கே போக நேரும். நான் என் மாணவர்களிடம் நாலு குரல் பியூக் ஒன்றைக் கொடுத்தால், முதலில் ஒவ்வொரு குரலையும் தனியே வாசிக்கச் சொல்வேன். பிறகு ஒரு குரலை வாயால் பாடிக்கொண்டு மற்ற மூன்றையும் வாசிக்கச் சொல்வேன். அதன் பின் இசைத்தாளில் பென்சிலால் பதினைந்து இடங்களுக்கு இலக்கமிட்டு, தாளை மூடிவிட்டு, ஒன்பதிலிருந்து தொடங்கு, நாலுக்குப் போ, பதின்மூன்றுக்குப் போ என்று சொல்வேன். எந்த இலக்கத்திலிருந்தும் தொடங்க வந்த பின்னரே உருப்படி பாடமாகிவிட்டது என்று ஏற்றுக்கொள்வேன். முதல் மாதத்தில் பிள்ளைகள் அழுவதுமுண்டு. மேடையில் நினைவு தவறியபோது அடுத்த இலக்கத்தில் கையை வைத்துத் தொடர்ந்து போனவர்களும் அவர்களேதான்.

உங்கள் மகள் வாய்ப்பாடு படித்திருப்பது பெரும் பலம். சுரத்தைத் தாளில் பார்க்காமல் காதில் வைத்திருக்கும் பழக்கம் அவளுக்கு ஏற்கெனவே இருக்கும். இரண்டு கைகளும் ஒரே நேரத்தில் எழுப்பும் சுரங்களை மேலிருந்து கீழாகச் சேர்த்துக் கேட்கும் பழக்கம் மட்டும் தனியே பயில வேண்டியது. அதற்கு ஹார்மனி பாடத்தை இப்போதே தொடங்குங்கள். ஆறாம் தரத்துக்கும் அதற்கு மேற்பட்ட பரீட்சைகளுக்குமாக அவள் ஐந்தாம் தரக் கோட்பாட்டை முடித்திருப்பாள். அதோடு நின்றுவிடக் கூடாது.

இலண்டன் இசைக்கலைஞர்:

வணக்கம் ஐயா. நான் பிறந்தது உடுவிலில். பியானோ படித்தது கொழும்பிலும் இலண்டனிலும். இப்போது பாடகர்களுக்கும் வயலின் கலைஞர்களுக்கும் உடன் வாசிப்பதே என் முதன்மைத் தொழில். ஆசிரியை அம்மா பயிற்சியைப் பற்றிச் சொன்னவற்றோடு முழுமையாக உடன்படுகிறேன். நான் தொழிலைப் பற்றிச் சொல்கிறேன்.

மேடையில் தனியே வாசித்து, அதனால் மட்டுமே சீவிப்பவர்கள் உலகம் முழுவதிலும் மிகச் சிலர். அவர்களுள் பலர் பெரிய போட்டிகளின் வழியாக வந்தவர்கள். வார்சோவில் 1927 இல் தொடங்கி ஐந்தாண்டுக்கு ஒரு முறை நடக்கும் ஷோப்பான் போட்டி, மொஸ்கோவில் 1958 இல் தொடங்கிய சைக்கோவ்ஸ்கி போட்டி, இங்கிலாந்தில் 1963 இல் தொடங்கிய லீட்ஸ் போட்டி ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. 2021 ஷோப்பான் போட்டியின் முதற் சுற்றில் வாசித்தவர்கள் 87 பேர். இறுதிச் சுற்றுக்கு வந்தவர்கள் 12 பேர். அந்த 87 பேருமே நாடுகள் தோறும் வடிகட்டப்பட்டு வந்தவர்கள். வயதெல்லை ஏறக்குறைய முப்பதோடு முடிந்துவிடும். பரிசு பெற்றாலும் அதன் பின் வரும் இரண்டு, மூன்று ஆண்டுகளில் குவியும் நிகழ்ச்சிகளைத் தாங்கக் கூடிய அளவு உருப்படிகள் கைவசம் இல்லாவிட்டால் பெயர் விரைவில் மறைந்துவிடும்.

இதைச் சொல்வது பிள்ளையைத் தடுப்பதற்காக அல்ல. வியட்நாமின் ஹனோயில் 1958 இல் பிறந்த பியானோக் கலைஞர் டாங் தாய் சோன் போர்க்காலத்தில் வளர்ந்தவர். குண்டுவீச்சுக்கு அஞ்சி இசைக் கல்லூரியே கிராமத்துக்கு இடம்பெயர்ந்தபோது, அங்கு ஆசிரியையாக இருந்த தாயோடு அவரும் போனார். வியட்நாமுக்கு வந்த சோவியத் ஆசிரியர் ஒருவர் அவருடைய திறமையைக் கண்டு மொஸ்கோவுக்குப் போக வழி செய்தார். 1980 இல் ஷோப்பான் போட்டியின் முதற் பரிசைப் பெற்ற முதல் ஆசியர் அவரே. 2021 இல் அதே பரிசைப் பெற்ற புரூஸ் லியூ அவருடைய மாணவர். இடம்பெயர்ந்த பியானோவில் படித்த பிள்ளைக்கு உலக மேடை எட்டாதது என்று யாரும் சொன்னால் இவரை நினைவுபடுத்துங்கள். ஆனால் அவருக்கு வீட்டிலேயே தேர்ந்த ஆசிரியை இருந்தார் என்பதையும், உரிய வயதில் தகுந்த ஆசிரியரிடம் போய்ச் சேர்ந்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. பிந்தித் தொடங்கியவர்களுக்கு எடுத்துக்காட்டாக சோவியத் பியானோக் கலைஞர் ஸ்வியாட்டொஸ்லாவ் ரிக்டரைச் சொல்வார்கள். அவர் மொஸ்கோ இசைக் கல்லூரியில் ஆசிரியர் நைஹவுஸிடம் சேர்ந்தது 1937 இல், 22 வயதில். அதற்கு முன் ஒடெசாவின் ஒபரா எனப்படும் இசைநாடக அரங்கில் பாடகர்களுக்குப் பியானோ வாசித்து, முழு ஒபராக்களையே தாளைப் பார்த்த மாத்திரத்தில் வாசிக்கும் கையோடுதான் அங்கே போனார்.

இனி, எங்களைப் போன்றவர்கள் எப்படிச் சீவிக்கிறோம் என்பதைச் சொல்கிறேன். பாடகர்களுக்கு உடன் வாசிப்பது, வயலின், செல்லோக் கலைஞர்களோடு சொனாட்டாக்கள் வாசிப்பது, ஒபரா ஒத்திகைகளில் முழு இசைக்குழுவுக்கும் பதிலாக ஒரே பியானோவில் வாசிப்பது, பாலே வகுப்புகள், பரீட்சைகள், தேவாலயங்கள், கற்பித்தல் எல்லாம் சேர்ந்தே ஒருவருடைய ஆண்டு நிறைகிறது. இவற்றை இரண்டாம் தரமான வேலை என்று இசைக் கல்லூரிகளிலேயே சிலர் நினைப்பது எனக்கு வருத்தமான விடயம். ஜெரால்ட் மூர் தன் வாழ்நாள் முழுவதும் பாடகர்களுக்கு உடன் வாசித்தவர். 1967 இல் அவருடைய பிரியாவிடை நிகழ்ச்சியில் அக்காலத்தின் மிகப் பெரிய பாடகர்கள் அவருக்காக வந்து பாடினார்கள். உங்கள் மகள் இப்போதே பாடசாலையின் கொயர் எனப்படும் பாடகர் குழுவுக்கும், வயலின் படிக்கும் தோழிகளுக்கும் உடன் வாசிக்கத் தொடங்கட்டும். மற்றவர் மூச்செடுக்கும் இடத்தைக் கவனித்து வாசிக்கப் பழகிய பியானோக் கலைஞருக்கு எங்கும் வேலை உண்டு. தனியே வாசிக்கும்போதும் அந்தக் காது கேட்கும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மணிக்கட்டிலோ முன்கையிலோ நோவு வந்தால் வாசிப்பதை நிறுத்த வேண்டும். நோவைத் தாங்கிக்கொண்டு பழகுவதை எங்கள் ஊரில் கடின உழைப்பு என்று பாராட்டுவார்கள். பியானோவில் அது கையையே கெடுத்துவிடும். அமெரிக்காவின் பியானோக் கலைஞர் லியோன் பிளைஷர் புகழின் உச்சியில் இருந்தபோது, 1960 களின் நடுப்பகுதியில், வலக்கை விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கி, முப்பது ஆண்டுகள் அளவுக்கு இடக்கைக்கென எழுதப்பட்ட உருப்படிகளையே வாசிக்க வேண்டியதாயிற்று. நேரத்தைப் பற்றிக் கேட்டீர்கள். 15 வயதில் மூன்று மணித்தியாலம், நாற்பது நிமிடத் துண்டுகளாக, முழுக் கவனத்தோடு செய்தால் போதுமானது. ஷோப்பானே தன் மாணவர்கள் மூன்று மணித்தியாலத்துக்கு மேல் பயிற்சி செய்வதை விரும்பவில்லை. கல்லூரிக்குப் போன பின் அது ஐந்தாக உயரலாம். ரியூஷன் வகுப்புகளுக்கு இடையே கிடைக்கும் நேரத்தில் களைத்த கையோடு வாசிப்பதைவிட, பாடசாலைக்குப் போகுமுன் காலையில் ஒரு மணித்தியாலம் வாசிப்பது எவ்வளவோ மேல்.

மானிப்பாய் சுருதிக்காரர்:

ஐயா பியானோவைப் பற்றிக் கேட்டதற்கு ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை. நான் இத்தொழிலை என் தகப்பனாரிடம் பழகியவன். வடபகுதிப் பாடசாலைகள், தேவாலயங்கள், வீடுகள் ஆகியவற்றிலுள்ள பியானோக்களுக்குச் சுருதி கூட்டி வருகிறேன்.

பியானோவில் ஏறக்குறைய 230 தந்திகள் இருக்கும். அவை எல்லாம் சேர்ந்து இரும்புச் சட்டத்தை இழுக்கும் விசை பதினெட்டு, இருபது தொன் வரை வரும். தந்திகளின் அதிர்வை வாங்கி ஒலியைப் பரப்பும் ஒலிப்பலகை மரத்தால் ஆனது. வாடைக்காற்றோடு மழை தொடங்கும்போது அந்தப் பலகை ஈரத்தை உறிஞ்சி உப்பும், சுருதி ஏறும்; சோளகம் வீசும் மாதங்களில் காய்ந்து சுருங்கும், சுருதி இறங்கும். கடற்காற்றில் உள்ள உப்பு தந்தியில் துரு ஏற்றும். உள்ளே உள்ள கம்பளித் துணியைப் பூச்சி அரிக்கும். கறையான் வந்தால் எல்லாம் முடிந்தது. ஆகவே பியானோவை வெளிச்சுவரோடு சேர்த்து வைக்காதீர்கள். யன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். நாலு கால்களுக்கும் கீழே தட்டு வைத்து நிலத்திலிருந்து உயர்த்துங்கள். மழைக் காலத்தில் கீழ்ப் பெட்டிக்குள் சிறிய மின்குமிழ் ஒன்றை, மரத்திலும் துணியிலும் படாமல், எரியவிடும் பழைய முறை இன்றும் பயன் தருகிறது. வாடை தொடங்கி ஈரம் நிலைத்த பின் ஒருமுறையும், வெயில் நிலைத்த பின் ஒருமுறையுமாக ஆண்டுக்கு இரண்டு தடவை சுருதி கூட்ட வேண்டும். பழைய பியானோவின் ஏ சுரம் நீண்ட காலம் இறங்கியே இருந்திருந்தால், ஒரே நாளில் அதற்குரிய அளவான 440 ஹேர்ட்ஸுக்கு இழுத்தால் தந்தி அறும்; சில மாத இடைவெளி விட்டுப் படிப்படியாக ஏற்ற வேண்டும்.

உங்கள் பியானோ மேடைப் பயிற்சிக்குப் போதுமா என்றால், இன்னும் சில காலத்துக்குப் போதும், அதற்கு மேல் போதாது. தந்திகள் நிமிர்ந்து நிற்கும் அப்ரைட்டில் சுத்தியல் பக்கவாட்டில் போய் அடித்து, சுருள்வில்லின் உதவியோடு திரும்புகிறது. தந்திகள் கிடையாக இருக்கும் கிராண்ட் பியானோவில் கீழிருந்து மேலே போய் அடித்துத் தன் பாரத்தாலேயே விழுகிறது. அதோடு, பிரான்சைச் சேர்ந்த செபஸ்தியான் எரார் உருவாக்கி, 1821 இல் உரிமம் பெறப்பட்ட பொறியமைப்பின் வழிவந்த ஏற்பாடு கிராண்டில் இருப்பதால், கட்டை முழுவதும் மேலே எழும்பி வருமுன்னரே மறுபடியும் அடிக்கலாம். ஒரே சுரத்தை விரைவாகத் திரும்பத் திரும்ப வாசிக்கும் இடங்கள் அப்ரைட்டில் வராததற்குப் பிள்ளையின் விரல் காரணமல்ல. இடப் பெடலும் வேறு. அப்ரைட்டில் அது சுத்தியல்களைத் தந்திக்கு அருகில் கொண்டுவந்து ஒலியைக் குறைக்கிறது. கிராண்டில் கட்டைகள் எல்லாவற்றையும் சற்று வலப்பக்கம் நகர்த்துவதால் ஒலியின் நிறமே மாறுகிறது. வாழ்க்கையில் முதன்முறையாகத் தெரிவுப் பரீட்சை நாளில் கிராண்டில் கை வைக்கும் பிள்ளை, தன் கையையே தனக்குத் தெரியாததுபோல் உணரும். எங்கள் பாடசாலைகள், தேவாலய மண்டபங்கள் சிலவற்றில் கிராண்ட் பூட்டிக் கிடக்கிறது. அதிபரிடமோ குருவானவரிடமோ பேசி, கிழமைக்கு ஒரு மாலையாவது மகள் அங்கே வாசிக்க வழி செய்யுங்கள். பயன்படாமல் கிடக்கும் பியானோ விரைவில் பழுதாகும் என்பதால் அவர்களுக்கும் அது நன்மையே. மின்னணுப் பியானோ வாங்குவதாக இருந்தால் 88 கட்டைகளும், சுத்தியல் பாரமும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இரவில் அயலாருக்குத் தொல்லை இல்லாமல் விரல் பழக அது உதவும், ஆனால் ஒலியைத் தேடிப் பழக உதவாது.

கொக்குவில் தந்தை:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. மகளையும் அருகில் இருத்தி வாசித்தேன். இலக்கமிட்டுப் பாடமாக்கும் முறையை அன்று மாலையே அவள் தொடங்கிவிட்டாள். சுருதிக்காரர் ஐயா சொன்னபடி மண்டபம் ஒன்றில் கேட்டுப் பார்க்கவிருக்கிறேன். இன்னும் இரண்டு கேள்விகள். ஒன்று, உயர்தரத்தை விட்டுவிட்டு முழு நேரமும் பியானோவிலேயே ஈடுபட வேண்டும் என்று அவள் கேட்கிறாள், அது சரியா? மற்றது, வெளிநாட்டுக் கட்டணங்களைப் பார்த்தால் எங்கள் வீட்டையே விற்றாலும் போதாது போலிருக்கிறது. வேறு வழி உண்டா?

டோர்ட்மண்ட் தாய்:

வணக்கம் அண்ணா. கட்டணத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். என் மகன் இங்கே இசைக் கல்லூரியில் பியானோ படிக்கிறான். ஜேர்மனியில் இசைக் கல்லூரிகள் பெரும்பாலும் அரசினுடையவை. எங்கள் மாநிலத்தில் கொலோன், எசன், டெட்மோல்ட் முதலிய நகரங்களில் அவை இருக்கின்றன. இம்மாநிலத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கும் கல்விக் கட்டணம் இல்லை; தவணைக்குச் சில நூறு யூரோ நிருவாகத் தொகை மட்டுமே. பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர் தவணைக்கு 1500 யூரோ செலுத்த வேண்டும் என்று 2017 இல் விதித்தார்கள். ஆனால் விசாவுக்கு வாழ்க்கைச் செலவுப் பணத்தைக் காட்ட வேண்டும். 2024 இல் அது மாதம் 992 யூரோவாக, ஆண்டுக்கு 11,904 யூரோவாக இருந்தது. ஜேர்மன் மொழிச் சான்றிதழும் வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி அந்த மட்டம் வேறுபடும். பாடங்கள் ஜேர்மன் மொழியில் நடப்பதால், இன்றே மொழியைத் தொடங்கினாலும் அது முந்தியதாகாது. தெரிவுப் பரீட்சையில் பியானோ வாசிப்பதோடு கோட்பாட்டிலும் செவிப்பயிற்சியிலும் எழுத்துப் பரீட்சை உண்டு. நன்றாக வாசித்தும் செவிப்பயிற்சியில் தவறிப் போன பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

கட்டணமே வாங்காத இடமாக அமெரிக்காவின் பிலடெல்பியாவிலுள்ள கேர்ட்டிஸ் இசைக் கல்லூரியையும் சொல்வார்கள். 1928 முதல் அங்கே சேரும் எவரிடமும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் பியானோவுக்கு எடுப்பது ஆண்டுக்கு விரல்விட்டு எண்ணக் கூடிய சிலரையே. அதை நம்பி மற்ற வாசல்களை அடைத்துவிட வேண்டாம்.

சுண்டுக்குளி ஆசிரியை:

உயர்தரத்தை விடக் கூடாது ஐயா. நான் இதைப் பிள்ளையின் பக்கம் நின்றே சொல்கிறேன். பெரும்பாலான இசைக் கல்லூரிகளும் பாடசாலைக் கல்வியை முடித்த சான்றிதழைக் கேட்கும். விசாவுக்கும் அது வேண்டும். உயிரியல் பிரிவின் சுமையோடு மூன்று மணித்தியாலப் பயிற்சி நடக்காது என்பதும் உண்மை. ஆகவே கலைப் பிரிவில், மேலைத்தேய சங்கீதத்தையும் ஒரு பாடமாக எடுத்து, ஜேர்மன் மொழியையோ ஆங்கில இலக்கியத்தையோ சேர்த்துக்கொள்வது நடைமுறைக்கு ஏற்றது. உறவினர்கள் முதலில் கேள்வி கேட்பார்கள். பெறுபேறு நன்றாக வந்தால், கொழும்பில் கட்புல அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்திலும் மேலைத்தேய சங்கீதத்தில் பட்டம் படிக்கும் வழி திறந்திருக்கும். கொழும்பில் 1958 முதல் இயங்கும் இலங்கை சிம்பொனி இசைக்குழுவின் நிகழ்ச்சிகளுக்கு அவளை முடிந்தபோதெல்லாம் கூட்டிச் செல்லுங்கள். பியானோவும் முழு இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் கொன்செர்ட்டோவை அரங்கில் இருந்து கேட்டிராத பிள்ளைக்கு, தான் எதை விரும்புகிறோம் என்பதே முழுமையாகத் தெரியாது.

இன்னொரு வழியும் அருகில் இருக்கிறது. சென்னையில் ஏ. ஆர். ரகுமான் 2008 இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் மேலைத்தேயப் பியானோவுக்குத் தனிப் பிரிவு உண்டு. பலாலியிலிருந்து சென்னை ஏறக்குறைய ஒரு மணித்தியாலப் பறப்பு. விடுமுறையில் அங்கே போய், மேடை அனுபவமுள்ள ஆசிரியர் ஒருவரிடம் வாசித்துக் காட்டி, அவருடைய கருத்தைக் கேளுங்கள். நான் உட்பட, ஊரில் உள்ள ஆசிரியர்கள் பிள்ளையின் மீதுள்ள பாசத்தால் அதிகமாகவே பாராட்டிவிடுவோம். முன்பின் அறியாத ஒருவரின் மதிப்பீடு இந்த வயதில் மிகவும் தேவை.

விண்ணப்பக் காலத்தையும் இப்போதே கணக்கிட்டு வையுங்கள். பிரித்தானிய இசைக் கல்லூரிகளுக்குப் படிப்புத் தொடங்குவதற்கு ஏறக்குறைய ஓராண்டு முன்பே, ஒக்டோபர் மாதத் தொடக்கத்தில் விண்ணப்பம் முடிந்துவிடும். வெளிநாட்டு மாணவர்களிடமிருந்து ஒளிப்பதிவை ஏற்றுக்கொள்ளும் கல்லூரிகள் உண்டு. அப்படிப் பதிவு செய்யும்போது, சுருதி கூட்டிச் சில நாள் சென்ற பின், நல்ல மண்டபத்தில், முகமும் இரு கைகளும் கட்டைகளும் ஒருங்கே தெரியும்படி பக்கவாட்டில் கமராவை வைக்க வேண்டும். ஓர் உருப்படியின் நடுவே வெட்டி ஒட்டக் கூடாது. கேட்பவர்களுக்கு உடனே தெரிந்துவிடும். பதிவுக்கு முன் அதே உருப்படிகளைக் குறைந்தது மூன்று தடவையாவது ஆட்களின் முன் வாசித்திருக்க வேண்டும். அதற்கு என் வீட்டு விறாந்தையும், பியானோவும், கேட்பதற்கு என் பழைய மாணவிகள் நாலைந்து பேரும் இருக்கிறார்கள். சனிக்கிழமை பின்னேரங்களில் மகளைக் கூட்டி வாருங்கள். முதல் தடவைக்குப் பாஹ் மட்டும் போதும்.